பனிக்கு அஞ்சாத பனை எது? – தோட்டம் கேள்வி பதில்

இந்த இதழில் பனை இனங்கள். நர்சரிகளில் ‘பாம்’ என்ற ஒரே பெயரில் விற்கும் செடிகள் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவை. ஒன்றுக்குச் சொல்லும் பக்குவம் இன்னொன்றுக்கு ஆகாது. கேள்வி எழுதும்போது பெயர் தெரியாவிட்டாலும், ஓலை விசிறி மாதிரி இருக்கிறதா, தென்னங்கீற்று மாதிரி இருக்கிறதா என்பதையாவது குறிப்பிடுங்கள்.

கேள்வி: என் தங்கை குடும்பம் பாரிஸுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறது. வாசலில் 6 மீட்டர் அகலத்துக்குப் புல்தரை. ‘நம்ம ஊர் ஞாபகத்துக்கு ஒரு பனையாவது வேண்டும்’ என்கிறாள். போன வருஷம் கடையில் வாங்கி வைத்த கன்று தை மாதக் குளிரில் கருகிவிட்டது. அங்கே எது தாங்கும்? எப்படி வளர்ப்பது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கருகிய கன்றை இன்னும் பிடுங்காமல் வைத்திருந்தால், பிடுங்க வேண்டாம் என்று இன்றைக்கே தங்கையிடம் சொல்லுங்கள். ஒற்றைத் தண்டுப் பனையின் உயிர் முழுக்க நடுக்குருத்தின் அடியில் இருக்கிறது. ஓலைகள் எல்லாம் கருகினாலும் குருத்தடி பிழைத்திருந்தால் மரம் மீண்டுவிடும். ஓலை பச்சையாகவே இருந்தாலும் குருத்தடி அழுகியிருந்தால் அந்த மரம் சில மாதங்களில் போய்விடும். வேறு கிளை விட அதற்கு மொட்டு கிடையாது.

சோதிப்பது எளிது. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் நல்லது. கையோடு வந்து, அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அப்போதும் கைவிட வேண்டியதில்லை. குருத்து இருந்த குழிக்குள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் ஊற்றினால் நுரைத்து வரும். நுரை அடங்கியதும் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, தாமிரப் பூசணக்கொல்லி ஏதாவது ஒன்றை ஊற்ற வேண்டும். போர்டோ கலவை அங்கே தோட்டக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அது பிறந்ததே ஃபிரான்ஸின் போர்டோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில்தான். மழைநீர் குழிக்குள் இறங்காமல் மேலே ஒரு மறைப்பும், பக்கவாட்டில் காற்றோட்டமும் வேண்டும். புதுக் குருத்து ஜூலை, ஆகஸ்டில்கூட எட்டிப் பார்க்கலாம். முதலில் வரும் ஓலை குறுகலாக, நுனி வெட்டுப்பட்டது போல இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

புதிதாக வைப்பதென்றால் எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சுனி. விசிறி ஓலை, பன்னாடை நார் சுற்றிய ஒல்லித் தண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நம் வடலிப் பனையின் சாயல். சீனாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ராபர்ட் ஃபார்ச்சூனின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வேர் பிடித்துத் தண்டு விட்ட மரம் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். பாரிஸ் பக்கம் மைனஸ் 10 வருவதே அபூர்வம். இதிலேயே வாக்னேரியானஸ் என்று ஒரு வகை உண்டு. சிறிய, விறைப்பான ஓலை, காற்றில் கிழியாது. வாசல் திறந்தவெளியாக இருந்தால் அதையே தேடி வாங்கலாம். கமரோப்ஸ் ஹுமிலிஸ் என்பது புதர் போலப் பல தூராக வளரும் குட்டைப் பனை. மைனஸ் 10 வரை தாங்கும் என்றாலும் ஈரக்குளிர் அதற்கு ஆகாது. மைனஸ் 20-ஐத் தொடும் ஊசிப்பனையும் உண்டு, ஆனால் அது தண்டு விட்டு உயராது, வளர்ச்சியும் ஆமை வேகம். உங்கள் தங்கை கேட்கும் ‘நம்ம ஊர்’ தோற்றம் அதில் வராது. வீட்டுக்குள் வைப்பதற்காக விற்கும் அரிக்கா பாம், கென்ஷியா போன்றவற்றை வெளியே நட்டால் முதல் உறைபனியிலேயே போய்விடும். போன வருஷம் கருகியது அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கவும் கூடும்.

மே மாத நடுவில் நட வேண்டும். அதற்குள் கடைசி உறைபனி போயிருக்கும்; வேர் பிடிக்க முழுக் கோடையும் கிடைக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் வேர் பிடிக்காமலே குளிரில் மாட்டிக்கொள்ளும். கன்று வாங்கும்போது 30 சென்டிமீட்டராவது தண்டு விட்டதாக இருக்கட்டும். விலை கூடும், ஆனால் தண்டில்லாத சிறு கன்றில் குருத்தடி தரையோடு தரையாக இருக்கிறது. பனியும் ஈரமும் அங்கேதான் தேங்கும்.

குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவு மட்டும். குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அது களிமண். அங்கே குழியை ஆழப்படுத்தி அடியில் ஜல்லி போடுவது வீண் வேலை, அது தண்ணீர்த் தொட்டியாகத்தான் மாறும். பதிலாக 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். தொட்டியில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டம். ‘காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும்’ என்று ஒரு சாண் ஆழமாகப் புதைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூச்சு முட்டி வேர் அழுகும்; இரண்டு வருஷம் கழித்துக் குருத்து மஞ்சளாகும்போதுதான் தெரியவரும். குழிக்குள் உரம் வேண்டாம். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை 10 முதல் 15 லிட்டர் தண்ணீர். உரம் ஏப்ரலிலும் ஜூனிலும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு தழைச்சத்து அறவே கூடாது. கொடுத்தால் இளம் ஓலை விடும். முதல் பனியில் அதுதான் கருகும்.

குளிர்காலக் காப்பில் ஆர்வத்தால்தான் பலர் மரத்தைக் கெடுக்கிறார்கள். நவம்பரில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மார்ச்சில் அவிழ்த்தால் உள்ளே வியர்த்துக் குருத்து அழுகியிருக்கும். குளிரைத் தாங்கும் பனை, ஈரத்தோடு சேர்ந்த குளிரைத் தாங்காது. தூரைச் சுற்றி 10 முதல் 15 சென்டிமீட்டர் காய்ந்த சருகு மூடாக்கு போட்டால் நன்கு வேரூன்றிய மரத்துக்குப் போதும். வானிலை அறிக்கை மைனஸ் 8, அதற்கும் கீழே, தொடர்ந்து சில நாள் என்று சொன்னால் மட்டும் ஓலைகளைச் சணல் கயிற்றால் மேல்நோக்கித் தளர்வாகக் கட்டி, காற்று நுழையும் தோட்டத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றலாம். பகலில் பூஜ்யத்துக்கு மேல் ஏறிய உடனே அவிழ்த்துவிட வேண்டும். உறைந்து விறைத்த ஓலையை வளைக்கக் கூடாது, முறியும். கருகிய ஓலையை வசந்தம் வரும்வரை வெட்டவும் கூடாது. குருத்துக்கு அது போர்வை. தொட்டியிலேயே வளர்ப்பதானால் வேருக்குத்தான் ஆபத்து. ஓலை தாங்கும் குளிரை வேர் தாங்காது. தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, தரையிலிருந்து தூக்கி வைத்து, சுற்றிலும் குமிழித்தாள் சுற்றச் சொல்லுங்கள். குமிழித்தாள் தொட்டிக்கு மட்டும், ஓலைக்கு அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விரியும் புது ஓலையில் வரிசையாக வட்டத் துளைகள் தெரிந்தாலோ, பன்னாடையில் மரத்தூள் போல ஒட்டியிருந்தாலோ அது பைசண்டீசியா அந்துப்பூச்சியின் புழு. தென் அமெரிக்காவிலிருந்து 1990-களில் ஐரோப்பாவுக்குள் வந்தது. ஃபிரான்ஸில் தெற்குக் கடற்கரைப் பக்கம்தான் அதன் கொட்டம் அதிகம். பூச்சியைத் தின்னும் நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து குருத்தில் தெளிப்பது அங்கே வழக்கத்தில் உள்ள வழி.

கேள்வி: மகனுக்கு ஊட்டியில் வீடு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. அங்கே தென்னை வருமா? வேறு பனை?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தென்னை வராது. மேலே சொன்ன டிராக்கிகார்ப்பஸுக்கு ஊட்டி பாரிஸைவிட நல்ல இடம். குளிர் உண்டு, ஆனால் நம் மலைகளில் குளிர்காலம் வறண்டது. பகலில் வெயில் வரும். அதன் சொந்தக்காரப் பனையொன்று, டிராக்கிகார்ப்பஸ் டாக்கில், நம் நாட்டிலேயே குமாவுன் மலையில் பனி பெய்யும் உயரத்தில் இயற்கையாக வளர்கிறது. இடம் தாராளமாக இருந்தால் கேனரித் தீவு ஈச்சையும் வைக்கலாம். ஆனால் அது 8 மீட்டர் வட்டத்தை அடைத்துக்கொள்ளும். மட்டை அடியில் விரல் நீள முள் இருக்கும். குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கு வேண்டாம்.

குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மனையின் தாழ்ந்த மூலையை விட்டு மேட்டில் நடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வருஷம் உறைபனி இரவுகளில் சாக்கைப் போர்த்திக் காலையில் எடுத்துவிட வேண்டும். நீலகிரி மண் புளிப்பு மண். வருஷத்துக்கு ஒருமுறை மரத்துக்கு அரைக் கிலோ டோலமைட் தூளைத் தூர்வட்டத்தில் கொத்திவிட்டால் சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும்.

கேள்வி: அந்தக் குளிர்நாட்டு விசிறிப் பனையை இங்கே வளர்க்க ஆசை. ஃபிரான்ஸிலிருந்து வரும் உறவினரிடம் விதையோ கன்றோ கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சொல்லாதீர்கள். 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைக்காப்பு ஆணைப்படி, விதையானாலும் கன்றானாலும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நம் பக்கத்துச் சிவப்புக் கூன்வண்டு, விற்பனைக்குப் போன பனைமரங்களோடு பயணம் செய்து 1990-களில் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஃபிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரையில் வரிசை வரிசையாக நின்ற கேனரி ஈச்சைகளை அழித்தது. அங்கிருக்கும் அந்துப்பூச்சி இங்கே வந்தால் நம் தோட்டங்கள் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கொண்டுவந்தாலும் அது இங்கே தேறாது. பகல் வெயிலைவிட, ஆறாத இரவுதான் அதற்கு எதிரி. புதுச்சேரியில் தை மாத இரவே 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கோடை இரவு 27-ஐ ஒட்டியே நிற்கிறது. மலைப்பனைக்கு இரவு ஓய்வே கிடைக்காது. விசிறி ஓலைதான் வேண்டுமென்றால் அரைநிழல் உள்ள இடத்தில் சீன விசிறிப் பனை வையுங்கள். நல்ல வெயிலும் 5 மீட்டர் இடமும் இருந்தால் மடகாஸ்கரைச் சேர்ந்த பிஸ்மார்க் பனை; அதன் வெள்ளி நிற ஓலைக்கு ஈடில்லை. அது வேர் அறுபட்டால் தாங்காது என்பதால் கட்டி உடையாமல் இறக்க வேண்டும். மனை பெரிதாக இருந்தால் நம் பனையையே வையுங்கள் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தொட்டியில் முளைக்க வைக்காதீர்கள். பனங்கொட்டை முதலில் கீழ்நோக்கித்தான் கிழங்கை இறக்கும்; தொட்டியின் அடி தட்டியதும் வளைந்து கெட்டுவிடும். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: கடலிலிருந்து 400 மீட்டரில் வீடு. அரிக்கா பாம், ஃபாக்ஸ்டெயில் பாம் இரண்டிலும் ஓலை மஞ்சளாகி நுனி கருகுகிறது. நர்சரியில் யூரியா போடச் சொன்னார்கள். போட்டும் பயனில்லை. போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பு.
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: யூரியாவை நிறுத்துங்கள். எந்த ஓலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடி ஓலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து நுனியிலிருந்து கருகினால் சாம்பல் சத்துக் (பொட்டாஷ்) குறைவு. கடலோர மணலில் இதுதான் அதிகம். மழைக்குக் கரைந்து போய்விடும். இந்த நிலையில் யூரியா போட்டால் ஓலை வேகமாக விடும், இருக்கிற சாம்பல் சத்தும் புது ஓலைக்குப் பங்கு போய், குறைவு இன்னும் முற்றும். அடி ஓலையின் ஓரம் பட்டையாக மஞ்சளாகி நடுநரம்பை ஒட்டிப் பச்சை மிஞ்சினால் மக்னீசியக் குறைவு. புது ஓலை சிறுத்து, சுருண்டு, தீய்ந்தது போல வந்தால் மாங்கனீசுக் குறைவு. புது ஓலை மொத்தமும் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் வேரில் தண்ணீர் தேங்குவதன் அடையாளம். உரத்துக்கு முன் வடிகாலைப் பாருங்கள்.

காய்க்கும் தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை வருஷத்துக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், இரண்டு தவணையாக. தண்டு விட்ட ஃபாக்ஸ்டெயிலுக்கு அதில் பாதி, அரிக்கா தூருக்குக் கால் பங்கு போதும். உங்கள் தண்ணீர் உப்பு என்பதால் சாதாரண பொட்டாஷ் வேண்டாம், அதிலும் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குங்கள். அதோடு மக்னீசியம் சல்பேட் மரத்துக்கு 200 கிராம். மாங்கனீசுக் குறைவு தெரிந்தால் மட்டும் லிட்டருக்கு 5 கிராம் மாங்கனீசு சல்பேட் கலந்து ஓலையில் தெளிக்கலாம். உரத்தைத் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு மீட்டர் வட்டத்தில் பரப்பி, மேலே தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

மஞ்சள் ஓலையை அசிங்கமாக இருக்கிறது என்று வெட்ட வேண்டாம். மரம் அதிலிருந்துதான் சாம்பல் சத்தை உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்புகிறது. அதை வெட்டினால் அடுத்த அடுக்கு ஓலை மஞ்சளாகும். ஏற்கனவே கருகியது பச்சையாகாது. புதிதாக வருபவை நன்றாக வந்து மரம் முழுக்கத் தேற ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும்.

அரிக்காவுக்கு உப்பு அறவே ஆகாது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மாடியில் பிடித்த மழைநீரோ அதற்கு ஒதுக்குங்கள். முடியாதென்றால் அதை வீட்டின் மேற்குப் பக்கம், கடற்காற்று நேரே படாத இடத்துக்கு மாற்றுவதே நல்லது. முன்வரிசையில் உப்புக்காற்றைத் தாங்கத் தென்னை இருக்கிறது.

கேள்வி: ஆறு வருஷ ஈச்சையைப் பெரிய மரமாகவே வாங்கி நட்டோம். அழகுக்காக மட்டைகளை ஒட்ட வெட்டினார்கள். இப்போது தண்டில் துளையும் பழுப்பு நீர் வடிவதும் தெரிகிறது. பக்கத்துத் தென்னையில் ஓலைகள் கத்தரித்தது போல வருகின்றன.
– வாசகர், வில்லியனூர்

பதில்: இரண்டும் வெவ்வேறு வண்டுகள். தென்னையில் ஓலை விசிறி போல முக்கோணமாக வெட்டுப்பட்டு வருவது காண்டாமிருக வண்டின் வேலை. அது குருத்தில் துளைபோட்டுத் தின்கிறது. வண்டு உள்ளே இருந்தால் கொக்கிக் கம்பியால் குத்தி எடுங்கள். பிறகு ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை அடுத்த மூன்று மட்டையிடுக்குகளில் போடுங்கள். வண்டு முட்டை வைப்பது எருக்குழியில். குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிவிட்டு, அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தைத் தூவிவிடுங்கள்.

ஈச்சையில் இருப்பது சிவப்புக் கூன்வண்டு. பச்சை மட்டை வெட்டிய காயத்தின் வாடைதான் அதை வரவழைக்கும். மட்டையை ஒட்ட வெட்டியது நேராகத் தண்டுக்குள் வழிவிட்டதற்குச் சமம். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்பது தென்னைக்கும் சொல்லும் விதி. தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். கறகறவென்று மெல்லும் சத்தம் கேட்டால் உள்ளே புழு இருக்கிறது. நடுக்குருத்து உறுதியாக நிற்கும்வரை காப்பாற்ற வாய்ப்பு உண்டு. உடனே தோட்டக்கலை அலுவலரை அழைத்து, துளைவழி மருந்து செலுத்தித் துளையைக் களிமண்ணால் அடையுங்கள். குருத்துச் சாய்ந்துவிட்டால் தாமதிக்காமல் மரத்தை வெட்டிப் பிளந்து எரித்துவிட வேண்டும். அப்படியே போட்டு வைத்தால் அடுத்த பலி பக்கத்துத் தென்னை.

கேள்வி: சாகோ பாம் புதுத் தளிர் விட்டதும் யாரோ மொட்டையடித்தது போல ஆகிறது. வீட்டில் நாய்க்குட்டியும் இருக்கிறது, செடியால் ஆபத்தா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: சாகோ பாம் பனையே அல்ல, சைகஸ் என்ற வேறு இனச் செடி. இளந்தளிரைத் தின்பது ஒரு சிறு நீலப் பட்டாம்பூச்சியின் புழு. தளிர் சுருள் விரிந்து கெட்டிப்படும் அந்த இரண்டு வாரம்தான் ஆபத்துக் காலம். தளிர் தெரிந்த அன்றே கொசுவலையால் மூடிவிடுங்கள். நாய்க்கு இதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கொட்டை மிகக் கொடியது, ஈரலைத் தாக்கும். குட்டி எட்டும் இடத்திலிருந்து செடியை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: புயலுக்கு முன் ராயல் பாம் ஓலைகளை எல்லாம் கழித்துவிட வேண்டும் என்கிறார்கள். சரியா? சாய்ந்த மரத்தை நிமிர்த்த முடியுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: சரியல்ல. பச்சை ஓலைகளைக் கழித்துக் குருத்தைத் தனியாக நிறுத்தினால் காற்று நேராகக் குருத்தைத்தான் முறிக்கும். சுற்றியுள்ள ஓலைகள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. புரட்டாசிக்குள் காய்ந்த மட்டைகளையும், தென்னையானால் முற்றிய குலைகளையும் இறக்கினால் போதும். ராயல் பாம் மட்டை ஆள்மேல் விழுந்தால் காயப்படுத்தும் எடை கொண்டது; கார் நிறுத்துமிடத்தில் அந்த மரமே வேண்டாம். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நட்டிருந்தால் அஸ்திவாரத்துக்குப் பயமில்லை. பனை வேர் ஆலமர வேரைப் போலப் பருப்பதில்லை.

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கரை ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்தன என்பதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. பனை இனத்தில் ஒரு சாதகம் உண்டு: தண்டடியிலிருந்து புது வேர் விடும். சாய்ந்த மரம் 4 மீட்டருக்குக் குறைவாக இருந்து, ஒரு பக்க வேராவது மண்ணில் இருந்தால் நிமிர்த்தலாம். அதுவரை வேரை ஈரச்சாக்கால் மூடி வெயில் படாமல் வையுங்கள். நிமிர்த்தும்போது கயிற்றைக் குருத்துப் பக்கம் கட்டக் கூடாது. தண்டின் நடுவில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் நான்கு மரச்சட்டங்களை வைத்து இறுகக் கட்டி, முட்டுக்கழிகளை அந்தச் சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்த வேண்டும். தண்டில் ஆணி அடித்தால் அந்தக் காயம் ஆறவே ஆறாது. பனைத் தண்டுக்குப் புதுப் பட்டை வளராது. பழைய மண்மட்டத்துக்கு மேல் மண் ஏற்றாமல் மிதித்து இறுக்கித் தண்ணீர் விடுங்கள். முட்டுக்கழி ஒரு வருஷம் இருக்கட்டும். முதல் ஆறு மாதத்துக்கு உரம் வேண்டாம்.